மூன்று தாழ்ப்பாள்கள்

"சத்தம் போடுற பொண்ணு மாதிரி தெரியலக்கா" என்று மாடிப்படித் திருப்பத்திலிருந்து ஒரு குரல் சொன்னது. "பாப்போம்" என்றது இன்னொரு குரல். இடுப்பில் சின்ன சிலிண்டர் அடுப்பும் தோளில் பையும் கையில் பால் பாக்கெட்டுமாக மங்கை அப்போதுதான் பூட்டில் சாவியை நுழைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்ப்பதற்குள் செருப்புச் சத்தம் மேலே ஏறிப் போனது, ஒரு கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. மெதுவாகச் சாத்தியதுதான் உறுத்தியது. படாரென்று சாத்தினால் அது அவர்கள் வீட்டு விஷயம். மெதுவாகச் சாத்தினால் அது நம்மைப் பற்றியது. உள்ளே போனாள். கோலம் போட மறந்துவிட்டது நினைவு வந்து திரும்பி வந்தாள், வாசற்படியில் அவசரமாக நாலு இழை இழுத்தாள், இழுக்கும்போதே முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல இருந்தது, திரும்பினால் படிக்கட்டு மட்டும்தான் நின்றுகொண்டிருந்தது. சமையல் மேடையில் கிழக்குப் பார்த்து அடுப்பை வைத்து, கழுத்தில் மஞ்சள் கிழங்கு கட்டிய எவர்சில்வர் பானையில் பாலை ஊற்றி, பற்றவைத்து, உடனே தீயைச் சிறிதாக்கினாள். பால் பொங்கி வழிந்துவிட்டால் குடிபுகுந்தாயிற்று என்று அர்த்தம். நாளைக்கு ஆடி பிறக்கிறது. ஆடியில் யாரும் வீடு மாறுவதில்லை. ஆனால் ஆனி முடிவதற்குள் பாலை மட்டும் காய்ச்சிவிட்டால் சாமானும் ஆளும் ஆடியிலேயே வந்தாலும் குற்றமில்லை, வீடு முன்னாலேயே நம்முடையதாகிவிட்டது என்பது அம்மாவின் கணக்கு. அப்படியானால் வழியாத வரைக்கும் இது நம்முடையது இல்லை. அடுப்பை அணைத்து, பானையைப் பையில் போட்டுக்கொண்டு, கோலத்தைக் காலால் தேய்த்துவிட்டுப் போய்விடலாம். பால் ஒரு மாற்றமும் காட்டாமல் வெள்ளையாகக் கிடந்தது.

சத்தம் போடுற பொண்ணு மாதிரி தெரியல. அதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள், முதுகைப் பார்த்தா? பின்னிய சடையைப் பார்த்தா? உண்மைதான், அவள் சத்தம் போடுகிறவள் இல்லை. வகுப்பில் வருகைப் பதிவின்போது அவள் சொன்ன பதில் கேட்காமல் இரண்டு முறை ஆப்சென்ட் போட்டிருக்கிறார்கள். ஆவடி பஸ்ஸில் ஒருவன் தோளோடு தோள் தேய்த்துக்கொண்டே வந்தபோது அவள் கத்தவில்லை, மூன்று நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்து போனாள், நடந்து போகும்போது மனதுக்குள் அவ்வளவு சத்தம் போட்டாள், அது யாருக்குக் கேட்டது. அவன் எதைப் பார்த்து அவளைத் தேர்ந்தெடுத்தான்? அவனுக்கும் தெரிந்திருக்கிறது. எல்லோருக்கும் தெரிகிற ஏதோ ஒன்று தன் முதுகில் எழுதியிருக்கிறதென்றும் தன்னால் மட்டும்தான் அதைப் படிக்க முடியாதென்றும் அவளுக்கு அப்போது தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது. சத்தம் போடாத பெண் இவர்களுக்கு எதற்கு வேண்டும்? சத்தம் போடவேண்டிய எதுவோ ஒன்று இங்கே நடக்கிறது என்றால்தானே அது ஒரு தகுதி. இதை முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும். ஸ்கேன் சென்டரில் நாள் முழுக்க அவளுடைய வேலை, டாக்டர் சொல்லச் சொல்ல ரிப்போர்ட் டைப் அடிப்பது. குறிப்பிடும்படியாக எதுவும் காணப்படவில்லை, குறிப்பிடும்படியாக எதுவும் காணப்படவில்லை என்று ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு அடித்திருப்பாள். எப்போதாவது டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோவார். அந்த நிறுத்தத்திலேயே விரல்களுக்குத் தெரிந்துவிடும். வீடு பார்க்க வந்த அன்று அப்படி ஒரு நிறுத்தம் வந்தது, அவள்தான் டைப் அடித்துக்கொண்டே போய்விட்டாள்.

தரகர் எத்திராஜ் அன்றைக்குப் பூட்டைத் திறந்துவிட்டு முதலில் தான் உள்ளே போகவில்லை, அவளைப் போகச் சொன்னார். மற்ற தரகர்கள் முன்னால் ஓடி ஓடி ஜன்னலைத் திறப்பார்கள், குழாயைத் திறந்து பாருங்க மேடம் தண்ணி என்பார்கள். திருநின்றவூரில் ஸ்டேஷனுக்கு இவ்வளவு பக்கத்தில், தரைத்தளத்தில், படுக்கையறை தனியாக உள்ள வீட்டுக்கு அவர் சொன்ன வாடகை, லேடீஸ் ஹாஸ்டலில் அவள் ஒரு கட்டிலுக்குக் கொடுப்பதைவிடக் கொஞ்சம்தான் கூட. அதற்கு முன் அவள் பார்த்த வீடுகளிலெல்லாம் வீட்டைக் காட்டுவதற்கு முன்னால் அவளைப் பார்த்தார்கள். சொந்த ஊர் எது, அருப்புக்கோட்டையில் எந்தப் பக்கம், உங்க ஆளுங்க யாரு, அப்பா ஏன் கூட இல்லை, கறி சமைப்பீங்களா, ராத்திரி எத்தனை மணிக்குத் திரும்புவீங்க, யாராவது வந்து போவாங்களா. ஒரு வீட்டில் அம்மாவின் நெற்றியை போட்டோவில் பார்த்துவிட்டு விதவையா, பிரிஞ்சவங்களா என்றார்கள். எத்திராஜ் இதில் ஒன்றையும் கேட்கவில்லை. அவள் அதைத் தன் அதிர்ஷ்டம் என்று நினைத்து ஹாஸ்டல் திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே போனாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. கதவைப் பூட்டிக்கொண்டு வரும்போது, சாவியைப் பார்த்துக்கொண்டே, "நீங்க கோவக்காரங்களா மேடம்?" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மாதான். அப்பார்ட்மெண்ட்டுன்னா நாலு பேரு இருப்பாங்க இல்ல" என்றார். அந்த நிறுத்தம் அதுதான். சாவியைப் பார்த்துக்கொண்டு கேட்டாரே, அந்த நேரம். அவள் இல்லை என்று தலையாட்டினாள், வாயைக்கூடத் திறக்கவில்லை, அதையே அவர் போய் இங்கே சொல்லியிருப்பார், வாயே திறக்கலம்மா, ரொம்ப அமைதி.

பாலின் மேல் லேசாக ஆவி. இன்னும் நேரம் இருக்கிறது. மங்கை கூடத்துக்கு வந்தாள். அன்று பார்க்காமல் விட்டதையெல்லாம் இன்று பார்க்க வேண்டும். சுவருக்குப் புதுசாக வெள்ளை அடித்திருந்தார்கள், சுண்ணாம்பு வாசனை இன்னும் இருந்தது. புதுசாக அடித்தது எதை மறைக்க என்று கேட்டுக்கொண்டே வாசற்கதவின் உள்பக்கத்துக்கு வந்தபோது அவள் நின்றாள். தாழ்ப்பாள் மூன்று இருந்தது. மேலே பித்தளையில் ஒன்று, பழசு, கதவோடு வந்தது. நடுவில் இரும்பில் ஒன்று, பச்சை பெயிண்ட். கீழே, முழங்கால் உயரத்தில், பளபளவென்று மூன்றாவது, அதன் ஸ்குரூவைச் சுற்றி மரம் பிளந்திருந்தது. அவசரத்தில் முடுக்கியிருக்கிறார்கள். ஒரு குடித்தனத்துக்கு ஒரு தாழ்ப்பாள் போதாமல் இரண்டாவது குடித்தனம் வந்து இன்னொன்று போட்டிருக்கிறது, அதுவும் போதாமல் மூன்றாவது. அவர்கள் எதை வெளியே நிறுத்தப் பார்த்தார்கள்? திருடன் என்றால் வெளியில் பூட்டல்லவா போடுவார்கள். இது வீட்டில் ஆள் இருக்கும்போது வருகிற ஏதோ ஒன்று. அவளுடைய கை தானாகப் பித்தளைத் தாழ்ப்பாளைத் தொட்டது, தொட்டதும் அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. பால் பொங்குகிறவரைக்கும் வாசக்கதவைச் சாத்திராத, திறந்தே கெடக்கட்டும், மகாலெட்சுமி வாரப்ப கதவு அடைச்சுக் கெடந்தா திரும்பிப் போயிரும். கையை எடுத்தாள். கதவு திறந்தபடி கிடந்தது. திறந்த கதவு வழியே படிக்கட்டு அவளைப் பார்த்தது. அப்புறம் ஆணி. கூடத்துச் சுவரில் ஒரே ஒரு ஆணி, வெள்ளையடித்தவன் அதைப் பிடுங்கவில்லை, அதன் மேலும் அடிக்கவில்லை, சுற்றி வளைத்து அடித்திருக்கிறான், பிடுங்காதே என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். தலை தேய்ந்து மினுமினுத்தது. அதற்கு நேர் கீழே, தரையிலிருந்து ஒரு ஆள் உட்கார்ந்தால் தலை படுகிற உயரத்தில், இரண்டு கோட்டிங் வெள்ளைக்கும் அடங்காமல் ஒரு மங்கலான கறை மேலே வந்துகொண்டிருந்தது. உருண்டையாக. விரலை வைத்துப் பார்க்கப் போனவள் வைக்காமல் கையை மடக்கிக்கொண்டாள். ரத்தம் என்றால் பழுப்பாக இருக்கும். இது மஞ்சள். ஆனால் வெள்ளைக்கு அடியில் எது என்ன நிறமாகத் தெரியும் என்று யாருக்குத் தெரியும்? தலை படுகிற உயரம், தலை படுகிற உயரம் என்று மனது அதிலேயே மாட்டிக்கொண்டு சுற்றியது. அங்கே ஒரு தலை பட்டிருக்கிறது.

போன் அடித்தது, தூக்கிவாரிப் போட்டது. அம்மாதான். குசுகுசுவென்று பேசினாள், மாமா வீட்டில் அவள் எப்போதுமே அப்படித்தான். பொங்குச்சாத்தா என்றாள். இன்னும் இல்லை என்றாள் மங்கை. தீ நல்லா எரியுதா, கெழக்கப் பாத்து வச்சியா, எந்தப் பக்கம் வழியுதுன்னு பாத்துச் சொல்லணும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, அம்மா தங்கியிருக்கும் அறையை நேற்று அத்தை அளந்து பார்த்ததைச் சொன்னாள். ஆவணியில் மாமா மகனுக்குக் கல்யாணம். அந்த அறைதான் புதுப்பெண்ணுக்கு, அதற்குள் அம்மா இங்கே மங்கையிடம் வந்தாக வேண்டும். அத்தை முகத்தைச் சுளிக்கவில்லை, போகச் சொல்லவில்லை, கட்டில் போட்டால் பீரோவுக்கு இடம் இருக்குமா என்று அம்மாவையே டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அம்மா பிடித்துக்கொண்டாள். அப்பா போய்ச் சேர்ந்த வருஷம் அந்த அறைக்கு வந்ததிலிருந்து அம்மா பாத்திரத்தை ஓசைப்படாமல் வைக்கக் கற்றுக்கொண்டாள், தட்டை முதலில் ஒரு விளிம்பில் வைத்து அப்புறம் மெல்லச் சாய்ப்பாள், இருமல் வந்தால் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொள்வாள். மங்கை அதைப் பார்த்துத்தான் வளர்ந்தாள். அப்படியானால் முதுகில் எழுதியிருப்பது அதுதானோ? இந்த எவர்சில்வர் பானையை அம்மா ஏதோ ஒரு தீபாவளிக்கு வாங்கி, பிரிக்காமல், கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டியில் வைத்திருந்தாள், தனி அடுப்பு வைக்கும்போது எடுப்பேன் என்று. இப்போது பார்சல் சர்வீசில் வந்திருக்கிறது, அதன்மேல் ஒட்டியிருந்த கடை ஸ்டிக்கரைச் சுரண்ட மங்கைக்கு அரை மணி நேரம் பிடித்தது. "நல்ல வீடுதான? சூதானமாப் பாத்துக்கிட்டியா எல்லாத்தையும்?" என்றாள் அம்மா. மூன்று தாழ்ப்பாளைப் பற்றிச் சொல்லலாம். சொன்னால் அம்மா, வேண்டாம் வந்துரு, நான் இங்கன ஒரு மூலையில முடங்கிக்கிருவேன் என்பாள், அப்படியே முடங்கவும் செய்வாள். மங்கை வாயைத் திறப்பதற்குள், "ஒங்க அத்த வாரா" என்று அம்மா போனை வைத்துவிட்டாள்.

சமையலறைக்குத் திரும்பினாள். பாலில் ஆடை விழத் தொடங்கியிருந்தது. சிறு தீயில் அப்படித்தான், பொங்காமல் சுண்டிக்கொண்டே இருக்கும். ஓரத்தில் முத்து முத்தாகக் குமிழி. இது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று அம்மா சொல்லவில்லை. பெரிதாக்கலாமா என்று திருகில் கை வைத்தாள், வேண்டாம், இன்னும் கொஞ்சம். ஸ்டேஷனில் ஒரு ரயில் நின்று கிளம்பியது. ஹாஸ்டலில் இந்நேரம் குளியலறைக்கு வரிசை நிற்கும். இங்கே தனிக் குளியலறை, உள்பக்கம் கொக்கி சரியாக விழுகிறது, அதை மட்டும் அன்றைக்கே பார்த்துவிட்டாள். கதவு திறந்திருக்கிறது, திறந்திருக்கிறது, போய்ச் சாத்திவிட்டு வந்தால் என்ன, லெட்சுமி ஜன்னல் வழியாக வரட்டும் என்று நினைத்த அந்த நேரத்தில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. அவளுடைய வாசலில். யாரோ வழிதவறி வந்தவர் கழற்றுகிற மாதிரி இல்லை, நாள்பட்ட பழக்கத்தோடு ஒன்றைக் கழற்றி, மற்றதைக் கழற்றி, காலாலேயே சுவரோரம் ஒதுக்கிவைக்கிற சத்தம். பிறகு ஓர் ஆணின் இருமல். மங்கையின் கையில் கரண்டி இருந்தது. சமையலறை நிலை வரைக்கும்தான் வந்தாள். வயதானவர். தலை முழுக்க நரை, எண்ணெய் வைத்துப் படிய வாரியது. காக்கி பேண்ட், சட்டைப் பையில் ஒரு பழைய அடையாள அட்டை. நேரே கூடத்துக்குள் வந்தார், அவளைப் பார்த்தார், பார்த்ததில் ஆச்சரியமோ தயக்கமோ ஒன்றும் இல்லை. சட்டையைக் கழற்றினார். கை தேடாமல், கண் பார்க்காமல், சட்டை போய் அந்த ஆணியில் தொங்கியது. பெருமூச்சு விட்டு அதற்குக் கீழே உட்கார்ந்தார், சுவரில் சாய்ந்தார், தலை அந்தக் கறையின் மேல் அச்சாகப் பொருந்தியது. மங்கை வாயைத் திறந்தாள். பஸ்ஸில் வராத அந்தச் சத்தம் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டே அவர், "மிஷினு நின்னுபோச்சு பூஷணம். ராத்திரி முழுக்க நிக்க வெச்சிட்டான்" என்றார். அப்புறம் கண்ணைத் திறந்து, அவளைத் தாண்டி, அடுப்பைப் பார்த்தார். "இவ்ளோ சின்னதா வெச்சா எப்படிக் காயும்?"

வாசலில் இன்னொரு காலடி. ஒரு பெண்மணி, குளித்து ஈரத் தலையில் துண்டு சுற்றியபடி, மாடியிலிருந்து ஓடிவந்த மூச்சோடு நின்றாள். கோலத்தை மிதிக்காமல் பாதத்தைத் தள்ளி வைத்தாள். உள்ளே வரவில்லை. அவளுடைய கண் அவரைப் பார்க்கவில்லை, மங்கையின் வாயைத்தான் பார்த்தது, அதிலிருந்து என்ன வரப்போகிறதென்று. பேசியபோது அது "பாப்போம்" என்ற அதே குரல். பெயர் குணபூஷணி என்றும், இவர் தன் வீட்டுக்காரர் ருக்மாங்கதன் என்றும், குளிக்கப் போன நேரத்தில் இறங்கி வந்துவிட்டார் என்றும், பால் காய்ச்சுகிற நாளில் இப்படி ஆகக்கூடாதென்று தெருமுனை டீக்கடைக்குக் கூட்டிப்போக மகனிடம் சொல்லிவைத்திருந்ததாகவும், அவன் எழுந்திருக்கவில்லை என்றும் அவள் ஒரே மூச்சில் சொன்னாள். இந்த வீட்டில்தான் அவர்கள் வாடகைக்கு இருந்தார்கள், மகன் பிறந்ததே இங்கேதான். அவருக்கு அம்பத்தூரில் டயர் கம்பெனியில் எப்போதும் நைட் ஷிப்ட், விடிந்துதான் வீடு திரும்புவார். மகன் தலையெடுத்து மேலே ஒரு வீட்டைச் சொந்தமாக வாங்கி, எல்லோரும் மாடிக்குப் போன பிறகுதான் அவருக்கு ஞாபகம் கலையத் தொடங்கியது. "எங்களுக்கு மேல சொந்த வீடும்மா. அவருக்கு மட்டும் இதான் வீடு. விடிஞ்சதும் கீழ எறங்குவாரு, தெருவை ஒரு சுத்து சுத்திட்டு, வேலைல இருந்து வந்த மாதிரி இங்க வருவாரு. அரை மணி நேரம். நான் வந்து கூப்பிட்டா எழுந்து வந்துருவாரு, ஒண்ணும் பண்ணமாட்டாரு." இங்கே முதலில் குடிவந்தவர்கள் கத்தினார்கள், அடுத்து வந்தவர்கள் போலீசைக் கூப்பிட்டார்கள், கடைசியாக இருந்தவன் இவரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான், படியில் விழுந்து நெற்றி பிளந்தது. தாழ்ப்பாள் போட்டால் கதவைத் தட்டிக்கொண்டே வெளியில் உட்கார்ந்திருப்பார் என்றாள். ராத்திரி முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வந்தவனை உள்ளே விடவில்லை என்றால் அவன் என்ன நினைப்பான் என்று தன்னையே கேட்டுக்கொள்வதுபோலச் சொன்னாள்.

மங்கைக்குத் தொண்டையில் நின்ற சத்தம் இறங்கவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. "சத்தம் போட மாட்டேன்னு பாத்துதான் எனக்குக் குடுத்தீங்களா?" என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. குணபூஷணி துண்டின் நுனியை முறுக்கினாள். ஆமாம் என்பதுதான் அது. எத்திராஜ், மாடிக் குரல்கள், வெளியூரில் இருக்கிற இந்த வீட்டின் சொந்தக்காரர், எல்லோரும் சேர்ந்து ஒரு வாயில்லாத பெண்ணைத் தேடியிருக்கிறார்கள், கிடைத்துவிட்டாள். இப்போது சொல்வதும் முழுசாக உண்மையா? அரை மணி நேரம்தானா? நான் வேலைக்குப் போன பிறகு அம்மா தனியாக இருக்கும்போது மத்தியானம் வந்தால்? நெற்றி பிளந்தது என்கிறாளே, தள்ளினவன் காரணமில்லாமலா தள்ளியிருப்பான்? ஒன்றும் பண்ணமாட்டார் என்று எல்லோரும்தான் சொல்வார்கள். இந்த ஈரத் தலை, இந்த மூச்சிரைப்பு, கோலத்தை மிதிக்காத இந்தப் பாதம், இதெல்லாம்கூட ஒத்திகை பார்த்து வந்ததாக இருக்கலாம். அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்து கண் சொருகிக்கொண்டிருந்தது. நெற்றியில் தையல் போட்ட தழும்பு, புதுசு, இன்னும் இளஞ்சிவப்பு. பாதங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்து, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், சுவரோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். முடங்கிக்கிருவேன் என்று அம்மா சொல்வாளே, அப்படி. இருமல் வந்தது அவருக்கு, கையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். மறுபடி போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். "பொங்குச்சாத்தா?" என்றது அம்மாவின் குசுகுசு. வாசலில் குணபூஷணி நின்ற இடத்திலேயே நின்றாள். பாலில் ஆடை தடித்து நடுவில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. "என்னத்தா, பேச்சையே காணோம், எதும் பிரச்சனையா?"

மங்கை போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கரண்டியால் ஆடையை ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, குனிந்து, அடுப்பைப் பெரிதாக வைத்தாள்.